ஹெல்வே விடுப்பில் இருக்கிறாள்

வங்கிக்காரர் சிரிக்கவில்லை.
அதுதான் மோசம்.
என் மின்னஞ்சல் முகவரியை
ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார்:
க, ர, டி, க், கு, ட், டி, எண்பத்தேழு.
"சரிதானே?"
சரிதான் என்றேன்.
பதினாறு வயதில் வைத்தது என்று சொல்லவில்லை.
குளிர்பதன அறைகளைப் பழுதுபார்க்கும் நிறுவனத்துக்குக்
கடன் கேட்டு உட்கார்ந்திருந்தேன்.
வெளியே தார்த்து நகரம், பிப்ரவரி.
ஊரே ஒரு குளிர்பதன அறை.

அன்றிரவு சமையலறை மேசையில் பெயர் தேடினேன்.
யாரோ ஒரு மாரிகா எனக்கு முன்பே எழுந்து
மாரிகாவை எடுத்துப் போயிருந்தாள்.
மாரிகா ஒன்று, மாரிகா இரண்டு, பதினான்கு வரை
டோக்கன் வாங்கியவர்கள் போல நின்றார்கள்.
கீழ்க்கோடு வேண்டாம்,
தொலைபேசியில் அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள்
வாடிக்கையாளரின் பால் திரிந்துவிடும்.
குடும்பப் பெயர் ஒவுனபூ, ஆப்பிள் மரம்.
முதல் எழுத்தின் தலையில் ஒரு சிறு அலை உண்டு.
அலையைத் தட்ட எல்லாருக்கும் தெரியாது.
எடுத்துவிட்டேன்.
மரம் அங்கேயே நின்றது, சற்றே மொட்டையாக.

பணம் கட்டி, நிறுவனத்தின் பெயரிலேயே ஓர் இடம் வாங்கினேன்.
பிறகுதான் பேராசை.
அந்தச் சுழித்த குறிக்கு முன்னால்
எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமாம்,
கூடுதல் கட்டணம் இல்லை.
தகவல். சேவை. கணக்கு.
ஒற்றை அறைக்கு மூன்று வாசல்.
எதைத் தட்டினாலும்
கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு நானே வந்து திறப்பேன்.
கடிதங்களில் 'நான்' போய் 'நாங்கள்' வந்தது.
நாங்கள் வந்து பார்க்கிறோம்.
நாங்கள் வருந்துகிறோம்.
நாங்கள் சளியில் படுத்திருந்த வாரம்
எங்கள் எல்லாருக்கும் ஒரே கைக்குட்டை.

நான்காவது வாசல் ஹெல்வே.
அவளை உண்டாக்க வேண்டி வந்தது
வெரு பக்கத்துச் சீஸ்காரர் அர்வெத்தால்.
நல்ல மனிதர், மூன்று மாதமாகப் பணம் தரவில்லை.
கேட்கப் போனால்
ஒரு துண்டு நறுக்கிக் கத்தி முனையில் நீட்டுவார்.
தின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன்.
வாய்க்குள் அவர் உப்பு கரைந்துகொண்டிருக்கையில்
பாக்கியை எந்த வாயால் கேட்பது?

ஹெல்வே யார் உப்பையும் தின்னாதவள்.
நலமா என்றுகூடக் கேட்க மாட்டாள்.
"நிலுவை. தொண்ணூற்று மூன்று நாள் தாமதம்."
முற்றுப்புள்ளி. பெயர்.
மறுநாள் பத்து மணிக்குள் பணம் வந்துவிட்டது.
அவளைக் கண்டு எனக்கே கொஞ்சம் பயம்.

ஜூனில் அர்வெத் நேரில் வந்தார்.
தாளில் சுற்றிய முழு வட்டுச் சீஸ், மேலே 'ஹெல்வேக்கு'.
"அவர்தான் இந்த இடத்தை நடத்துகிறார் போல."
ஹெல்வே விடுப்பில் இருக்கிறாள் என்றேன்,
வீட்டுச் செருப்போடு.
ஒரே நாற்காலியைப் பார்த்தார்.
கழுவாத ஒரே கோப்பையைப் பார்த்தார்.
"வந்ததும் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

அன்றிரவு ஹெல்வேயின் பெட்டியில்:
"குளிர் அறை நன்றாக ஓடுகிறது.
அதைச் சரிசெய்தவரிடம் ஒன்று கேட்க வேண்டும்,
நேரில் வாய் வரவில்லை.
ஏரியில் எனக்கொரு படகு இருக்கிறது.
இரண்டு பேர் உட்காரலாம்.
உங்களிடம் சொன்னால் போய்ச் சேரும்.
நீங்கள் கண்டிப்பானவர்."

இரண்டு முறை எழுதி அழித்தேன்.
மூன்றாவது முறை அவளே எழுதினாள்:
"கடிதம் கிடைத்தது. உரியவரிடம் சேர்க்கப்படும்.
ஹெல்வே, கணக்குப் பிரிவு."

சீஸில் பாதி தீர்ந்துவிட்டது.
உரியவர் இன்னும் பதில் சொல்லவில்லை.
நேற்று எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது,
நலமா என்று கேட்காமல்:

நிலுவை. பதினொரு நாள் தாமதம்.