நாலு எண்ணும் வரை

பாடகனை இன்னும் மன்னிக்க முடியவில்லை.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
நாற்பது வருஷம் கழித்துக் கேட்டாலும்
உச்சத்துக்குப் போகும்போது டெஸ்மண்டுக்குத்
தொண்டை கட்டித்தான் இருக்கிறது.
ஆனால் மற்ற மூன்று பேரும்…

சூரமங்கலம், டயர் ரீட்ரேடிங் கடை மாடி,
ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி.
உருக்காலையில் ஓய்வுபெற்ற மகுடபதி,
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பொடி வைக்கும் சாதிக்,
ரெஜினா, நான்.
நடுவில் நாலு தட்டுவடை செட்,
'மேக்னசைட்' குழுவின் இரண்டாவது கேசட்.

முதல் கேசட்டைத்தான் ஊர் கொண்டாடியது.
ஊர் என்றால் ஒரு நூற்றைம்பது பேர்.
'அப்படியே வெள்ளைக்காரன் மாதிரி' என்றோம்.
அதைவிடப் பெரிய பாராட்டு
அன்றைக்கு எங்கள் கைவசம் இல்லை.
இரண்டாவதில் அவர்கள் யார் மாதிரியும் இல்லை.
வாங்கியவர்கள் அதன்மேல்
சினிமாப் பாட்டு பதிந்துகொண்டார்கள்.
நானும்தான்.
சாதிக்கின் பிரதி மட்டும்
மச்சான் வீட்டு அலமாரியில்
அந்துருண்டைகளோடு தப்பிக் கிடந்தது.

இப்போது கேட்கிறோம்.
குப்புராஜின் பேஸ்
இரவு பதினொன்றுக்கு ஐந்து ரோட்டில்
லோடு லாரி கியர் மாற்றுவதுபோல்
முதலில் தரையில் கேட்கிறது, பிறகுதான் காதில்.
கிட்டார் ஏற்காடு ஏறுகிறது,
ஒவ்வொரு வளைவிலும் ஒரு பிடி பின்வாங்கி
மூச்சு வாங்கி
மறுபடியும்.
மகுடபதி விரல்விட்டு எண்ணினார்.
'பதினெட்டுதான். ரெண்டு கொண்டை ஊசி குறையுது.'

பிறகு பி பக்கம், மூன்றாவது பாட்டு.
எல்லாக் கருவிகளும் உச்சத்தில் ஊளையிட்டு
சட்டென்று நிற்கும்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நாலு.
அப்புறம் இருசப்பனின் டிரம்ஸ்
ஒரே அடி.

எண்பத்து மூன்று, கோடை விழா மேடை.
ஏரிக்கரையில் மலர்க்கண்காட்சி பார்த்து அலுத்த கூட்டம்.
அந்த நாலு எண்ணிக்கைக்குள்தான்
நான் விசிலடித்தேன்.
'மறந்துட்டான்டா!' என்று கத்தினேன்.
பாதி கடித்த கொய்யா ஒன்றை வீசினேன்.
அது குப்புராஜின் தோளில் பட்டது.
துடைத்துக்கொண்டு வாசித்தான்.

இதை இந்த மாடியில் யாரிடமும் சொன்னதில்லை.

ரெஜினா கேசட்டை நிறுத்தச் சொன்னாள்.
மாமாங்கத்துச் சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்தவள்.
'இது மறதி இல்ல' என்றாள்.
'மத்தியானம் சங்கு ஊதும்.
வெளியே நிற்கிற பிள்ளையை இழுத்து உள்ளே போடுவாங்க.
சங்கு நிக்கும்.
வெடி வெடிக்கிறதுக்கு முன்னாடி
இவ்வளவு நேரம்தான்.
அப்புறம் அலுமினியத் தட்டெல்லாம் ஆடும்,
சோத்துல வெள்ளைத்தூள் விழும்.'

யாரும் பேசவில்லை.
கீழே கம்ப்ரஸர் ஒருமுறை இருமியது.
சாதிக் ரீவைண்ட் செய்தான்.
ஒன்று, இரண்டு.
இம்முறை மூன்றில்
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மகுடபதியால் சும்மா இருக்க முடியாது.
யார் யாரையோ கேட்டு நம்பர் பிடித்து
ஓமலூரில் மகள் வீட்டில் இருக்கும் இருசப்பனுக்கே
போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து,
சங்கு, வெடி, மௌனம் என்று
ஒரு பிரசங்கமே செய்துவிட்டார்.

'அதுங்களா' என்றது குரல்.
'குச்சி கீழ விழுந்துடுச்சுங்க.
எடுத்து அடிச்சேன்.
மறுபடி பதிய காசு இல்ல.'

சாதிக் சிரித்தான். தட்டுவடை புரையேறியது.
மகுடபதி முகம் தொங்கிப்போனார்.
'மேடையில கூட அப்படித்தானே நிறுத்தினீங்க?'
கேட்டது நான்தான், என்னை மீறி.
'ஆமாங்க. கேசட்டுல அப்படி இருந்துச்சே.
அது நல்லாவும் இருந்துச்சு.'
கொஞ்சம் நிறுத்தி,
'அதுதான் சரின்னு எனக்கு ஏன் பட்டுச்சுன்னு
இந்த வரைக்கும் யோசிக்கலைங்க.'

ரெஜினா போன் பக்கம் குனிந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை.
நான் எண்ணவில்லை என்று சொன்னால் பொய்.

பிறகு அவர் கேட்டார்:
'அந்தம்மா மாமாங்கமா?
அவங்க அப்பாவுக்கு எந்த ஷிஃப்ட்டு?'

அவள் சொல்லத் தொடங்கினாள்.
கொய்யா என் வாய்வரை வந்து
திரும்பிப் போனது.