ஐந்து மில்லிசெக்கன்

முன்கூட்டியே பார்க்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.
பொய்.
லிமிற்றர் எதையும் முன்னால் பார்ப்பதில்லை.
வந்த ஒலியை வாசலில்
ஐந்து மில்லிசெக்கன் நிறுத்தி உயரம் அளக்கிறது.
நிலையில் தலை இடிக்கும் என்றால்
குனியவைத்து உள்ளே விடுகிறது.

ஒன்றை நிறுத்தினால் மற்றதுகளையும் நிறுத்தவேண்டும்.
தவில், கீபோர்ட்,
பாரிசிலிருந்து காண்டீபன் அனுப்பிய பேஸ் கிற்றார்,
எல்லாம் அந்த ஐந்துக்காகக் காத்து நிற்கும்.
அதுகளுக்கு என்ன,
வாசித்து முடித்தாயிற்று.
கடைசி அடிவரை டிஸ்கில் கிடக்கிறது.
கொம்பியூற்றர் ஓய்வாயிருக்கும் நேரம்
அடுத்த வரியை இப்போதே சமைத்து
மூடி வைத்துவிடும்.

கஜவதனிக்கு அது சரிவராது.
வங்கிக் கவுண்டரை மூடிவிட்டு
ஸ்கூட்டியில் கொக்குவிலுக்கு வந்தவள்
மைக்கின் முன் நிற்கிறாள்.
அடுத்த சொல்லை அவள் இன்னும் பாடவில்லை.
எந்த மெஷினிடமும் அது இல்லை.

"என்ரை குரல் எனக்கே பிந்திக் கேட்குது."

ஐந்தோடு பஃபர் தின்னும் பத்தும் சேர்ந்த பிந்தல்.
லிமிற்றரை அணைத்தேன்.
"இப்ப?"
"ஓம். இப்ப நான்தான்."

ஸ்ரேசனுக்கும் என் அறைக்கும் நடுவே
ஒரு மதில், இரண்டு வளவு.
ரெயின் நேரத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்,
என்னிடம் உள்ள முன்பார்வை அவ்வளவுதான்.
ஆறு பத்துக்கு நிறுத்தினேன். வரவில்லை.
தேத்தண்ணி குடித்தோம். வரவில்லை.
இண்டைக்கு இல்லைப்போல, எடுப்பம் என்றேன்.

மூன்றாம் சரணத்தின் முடிவில்
ஒரு 'நீ'யை இழுத்து
மெல்ல, மெல்ல அவள் விடுகிற இடத்தில்
ஹோர்ன்.
மீற்றர் முழுக்கச் சிவப்பு.
அவள் நிறுத்தவில்லை.
மூச்சு முடியும்வரை பிடித்துத்தான் விட்டாள்.

பிறகு லிமிற்றரைப் போட்டுத் திரும்பக் கேட்டோம்.
இப்போது அதற்கு ரெயின் வருவது தெரியும்.
ஹோர்னுக்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பே
'நீ' கொஞ்சம் பதுங்கியது.
வேறு யாருக்கும் கேட்காது.
பக்கத்துக் கதிரையில் கஜவதனியும்
தோளைக் குறுக்கினாள்,
சத்தம் வருமுன்.

இன்னொருக்கால் பாடுவமா என்றேன்.
சுவரைப் பார்த்தாள்.
"அடுத்தது எத்தினை மணிக்கு?"
அதில் போட்டிருந்ததை வாசித்தேன்.
சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே ஹெட்ஃபோனை எடுத்தாள்.