பின்னால் வைத்த முன்பக்கம்

எஸ்டீமின் மூக்கை அறுத்தோம்.
இன்ஜின், கியர் பாக்ஸ், இரண்டு ஆக்ஸில், ஹப்போடு
முன்பக்கம் முழுசாக
ஆட்டுத்தலை மாதிரி தரையில் கிடந்தது.
செயின் பிளாக்கில் தூக்கி
இருக்கைக்குப் பின்னால் இறக்கினான் பக்கீர்.
"இனிமே இதான் முதுகு."

மூக்காய்ப் பிறந்தது முதுகாவது லேசில்லை.
திரும்பித் திரும்பிப் பழகிய சக்கரம்,
விட்டால் பின்னாலும் திரும்பும்.
டை ராடை ஃபிரேமோடு பூட்டினோம்.
நேராகப் போ என்று ஒரு ஜோடிச் சக்கரத்துக்குச் சொல்ல
ஒன்பது நாள் ஆனது.

ஏர்வாடி ரோட்டில் ஷெட். கடல் முந்நூறு அடி.
மத்தியானம் வைத்த வெல்டில்
மறுநாள் காலை மஞ்சள் பூத்திருக்கும்.
கிரைண்டர், பிரைமர், மறுபடி கிரைண்டர்.
கச்சான் அடிக்கிற மாதத்தில்
பிரைமரோடு மணலும் காய்ந்தது.

ஃபிரேமுக்குக் குழாய், வாலிநோக்கத்தில்
என்றோ உடைத்த கப்பலின் கைப்பிடிக் கம்பி.
எந்த நாட்டுக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு
வாந்தி எடுத்தானோ.
முன் சஸ்பென்ஷன் பரமக்குடி டாக்சி, பத்மினி.
ஸ்டீரிங் ஒரு மாருதி எண்ணூறுடையது;
திருவாடானையில் கல்யாண மண்டப வாசலில்
ரிவர்ஸில் வந்த தண்ணீர் லாரி
அதைப் பாதி நீளமாக்கியிருந்தது.

பத்தாம் வகுப்பில் நான் ஃபெயிலான பாடம்:
சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில்
ஒன்று தோன்றும், ஒன்று திரியும், ஒன்று கெடும்.
பத்மினியும் எண்ணூறும் சேரும் இடத்தில் விளங்கியது.
நடுவில் ஒரு பிராக்கெட் தோன்றியது.
ஸ்டீரிங் கை திரிந்தது.
கெட்டது என் தூக்கம்.

மண்டபத்திலிருந்து இன்னாசி அண்ணன் வந்தார்,
வள்ளத்துக்கு ஃபைபர் போடுகிறவர்.
அச்சைச் சுற்றி வந்தார்.
"அணியம் இம்புட்டுத் தாழ்வா இருந்தா அலை ஏறாதே."
"அலை இல்லண்ணே, காத்து."
"காத்தும் அலைதான்" என்று மேட்டை விரித்தார்.
ரெசின் வாடையில் மூன்று நாள் ஒருவருக்கும் பசிக்கவில்லை.
நாங்கள் கேட்டது சிவப்பு.
அவரிடம் மிச்சமிருந்தது வள்ள நீலம்.

மூன்று ஆர்.சி. புத்தகத்தோடு ராமநாதபுரம் போனேன்.
பிரேக் இன்ஸ்பெக்டர் மூன்றையும் புரட்டினார்.
"இதுல எது வண்டி?"
"இன்ஜின் இது சார், இந்த எஸ்டீம்."
"இன்ஜினைக் கேக்கல. வண்டி எது?"
சேஸிஸ் எண் வேண்டுமாம்.
கப்பல் கம்பிக்கு எந்தப் பக்கம் எண்?
பஸ்ஸில் வரும்போது நல்ல பதில் ஒன்று தோன்றியது,
உத்தரகோசமங்கை விலக்கு தாண்டுவதற்குள்
அதுவும் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

ரோட்டில் இறக்க முடியாது.
உப்பளத்துக்காரரிடம் கேட்டு வாங்கினோம்,
காய்ந்த பாத்திகளுக்கு நடுவே லாரி ஓடி இறுகிய தடம்,
ஒன்றரை கிலோமீட்டர், வளைவே இல்லை.

எஸ்டீம் கொடுத்த ஜெய்னம்பு நாச்சியா
சொல்லாமல் ஆட்டோவில் வந்து இறங்கினார்.
மஹ்தூம் காக்கா மௌத்தாகி நாலு வருஷம்,
கேட்டுக்குள் நின்ற வண்டி, எலி தின்ற வயர்,
காசு வேண்டாம் என்று சாவியை நீட்டிய கை.
பக்கீர் ஸ்டார்ட் செய்தான்.
சைலன்சர் ஒரு முழம்கூட இல்லை.
பாத்தியில் நின்ற உள்ளான்கள் மொத்தமும் எழுந்தன.
அழுதுவிடுவாரோ என்று நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நாப்பதுக்கு மேல ஒருநாளும் ஓட்ட மாட்டாஹ.
இதுக்குள்ள இம்புட்டுச் சத்தம் கெடந்துச்சா?"

கதவு வைக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி
பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.
பின்னோக்கிப் போகும் கேபிளில் கியரெல்லாம் இடம் மாறியிருந்தது,
ஒன்று இருந்த இடத்தில் இரண்டு.
பக்கீர் தப்பாகப் போட, வண்டி இருமி நின்றது.
அவர் எதுவும் கேட்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்,
அந்தக் கப்பல்காரன் பிடித்த கம்பி.

அப்புறம் நீலம் போனது. புழுதி வெள்ளையாக எழுந்தது.
கடைசிப் பாத்திக்கு அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் இருந்தது.

திரும்பி வந்தபோது புருவத்தில் உப்பு.
மீட்டர் பத்மினியுடையது, கேபிள் இன்னும் மாட்டவில்லை,
முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.
அதைத்தான் முதலில் காட்டினார்:

"பாருங்க, இதுலயும் நாப்பது தாண்டல."