பிழைத்தது

பதினோராம் சுற்றில் தப்பித்துவிட்டது.
ஒலேனா தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்:
உயிரணுக்கள் இருந்த இடமெல்லாம் ஓட்டை,
பூச்சி அரித்த சால்வை.

சாஸ்கடூனில் வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
உள்ளே பெட்டியில் மைனஸ் எண்பது.
கார்கள் வயர் செருகிக்கொண்டு
வார்டில் படுத்தவர்கள் மாதிரி வரிசையாக.

நாங்கள் செய்து அனுப்பியது
இருபத்தொரு எழுத்தில் ஒரு துண்டு ஆர்.என்.ஏ.
வைரஸின் வாசகத்துக்குள் தன் இணைவரியைத் தேடி
மேலே படிந்துகொள்ளும்.
படிந்த இடத்தில் செல்லே கத்தரி போடும்.
பத்துச் சுற்று போட்டது.

வைரஸிடம் பிழை திருத்துகிறவர் கிடையாது.
அவசரமாக அச்சடிக்கிறது, பாதிப் பிரதி குப்பை.
அந்தக் குப்பையில் ஒன்றுக்கு மட்டும்
பத்தாவது எழுத்து மாறியிருந்தது,
கத்தரி விழும் இடத்தில்.
ஏ இருக்கவேண்டிய இடத்தில் ஜி.
அவ்வளவுதான். பதினாறு மாத வேலை.

'பிழைத்தது' என்போம்,
தவறியதற்கும்
உயிரோடு மீண்டதற்கும்.
ஒலேனாவுக்கு விளக்கினேன்.
உக்ரேனிய மொழியில் அதற்கு
இரண்டு சொல் வேண்டுமாம்.

அவள் என்னைப் பொலிலன் என்றுதான் கூப்பிடுவாள்.
நான்கு வருடமாகத் திரும்பிப் பார்க்கிறேன்.
அடையாள அட்டையில் வேறொரு பிழை;
கதவு திறக்கிறது.
மருந்துக்கடையில் இன்னொன்று.
எல்லாவற்றுக்கும் 'ம்' சொல்கிறேன்.
எங்கள் துண்டுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.
நடுவில் ஓரெழுத்து பிசகினால்
யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்விடும்.

மறுபடி வரிசைகளை விரித்து உட்கார்ந்தோம்.
எந்த ஊர் நோயாளியிடமிருந்து வந்தாலும்
மூவாயிரத்து நானூறு பிரதிகளிலும்
நகராமல் ஓர் இடம்.
எனக்கு ழ போனாலும் பிழைப்பு ஓடும்.
அதற்கு அங்கே ஓரெழுத்து போனால்
அடுத்த பிரதியே இல்லை.
நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு இடம் சேர்த்தோம்.
மூன்று துண்டும் ஒன்றாக.

இன்று இருபத்தாறாம் சுற்று.
தட்டை நானே தூக்கிப் பார்த்தேன்.
ஓட்டை இல்லை.
"மாறவில்லை என்று எழுது," என்றாள்.
முன்னால் 'இதுவரை' போட்டு எழுதினேன்.

கையுறையை மறந்துவிட்டு
காரின் வயரைப் பிடுங்கப் போனேன்.
விரல் இரும்பில் ஒட்டிக்கொண்டது.