பத்து லட்சமாவது பார்வையாளர்

இறந்தவரின் முழுப்பெயர் கேட்டேன்.
“சதானந்தன் படையாச்சி” என்றார் மகன்.
இரண்டெழுத்து அடிப்பதற்குள்
திரையின் நடுவில் குதித்தது ஒரு பக்கம்:
வாழ்த்துகள்!
நீங்கள் எங்கள் பத்து லட்சமாவது பார்வையாளர்.
நட்சத்திரங்கள் உதிர்ந்தன. எங்கிருந்தோ கைதட்டல்.

ஒலியை அடக்கப் போன விரல்
இன்னொன்றைத் திறந்துவிட்டது:
பதினான்கே நாளில் தொப்பை கரையும்.

சாட்ஸ்வொர்த்தில் ஈமச்சடங்கு நிறுவனம் நடத்துகிறவர்கள்
முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்ளப் பழகியிருப்போம்.
அன்றைக்கு அந்த முகம் எனக்குக் கைகொடுக்கவில்லை.

குற்றம் என்னுடையதுதான்.
போன மாதம் உள்துறை அலுவலகத்துப் படிவமொன்று
திறக்க மாட்டேனென்றது.
இலவசம் என்று போட்டிருந்த ஒரு மாற்றியை இறக்கினேன்.
அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து.
நாலு முறை தலையாட்டினேன்.
கூடவே ஏறி வந்தவர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

மகன் திரையையே பார்த்தார்.
பிறகு சிரித்தார்,
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க.
“இருபது வருஷம் லாட்டோ போட்டார் அப்பா.
புதனும் சனியும், அதே ஆறு எண்.
இப்போதுதான் விழுந்திருக்கிறது.”
மனைவி அவர் கையைக் கிள்ளினாள்.
நான் பிறந்த தேதி கேட்டேன்.

அன்று ஆறு மணிக்கு லோட் ஷெட்டிங்.
நாலரைக்கு உட்கார்ந்தேன்.
கணினியில் இருந்ததையெல்லாம் தேதிவாரியாக அடுக்கினால்
அந்த ஒரே செவ்வாய்க்கிழமையில்
மாற்றியோடு நாலு பேர் குடியேறியிருந்தார்கள்.
ஒருவன் பெயர் உதவியாளன்.
ஒருவன் பாதுகாவலன்.
பாதுகாவலனை நீக்கப் போனபோது
கண்ணீர் வடிக்கும் பொம்மை ஒன்றைக் காட்டி
உண்மையிலேயே போகச் சொல்கிறீர்களா என்றான்.
வழியனுப்புவதுதானே என் தொழில்.
அழுத்தினேன்.

உலாவியில் ஒட்டியிருந்த நீட்டிப்புகள் இரண்டு.
அறிவிப்பு அனுப்பிக்கொள்ளுங்கள் என்று
நான் அனுமதித்திருந்த பதினோரு தளங்கள்
(எப்போது அனுமதித்தேன்?
எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள் போல).
குறுக்குவழியின் வாலில் யாரோ முடிந்துவிட்ட முகவரி.
எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி
அணைத்து எழுப்பினேன்.
சுத்தமான திரை.
தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.
கெட்டில் கொதிப்பதற்குள்
முதுகுக்குப் பின்னால் கைதட்டல்.

எதிர்க்கடையில் போன் பழுதுபார்க்கும் நோம்வேலோ
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தாள்.
உட்காரச் சொன்னால் உட்காரவில்லை,
மாதிரிப் பெட்டிகள் இருக்கும் அறை.
நின்றபடியே, ஒற்றைக் கையால்,
இத்தனை வருஷத்தில் நான் பார்த்தேயிராத
ஓர் அறையைத் திறந்தாள்:
கணினி தனக்குத் தானே எழுதி வைத்திருக்கும் வேலைகள்.
அதில் ஒரு வரி.
அரை மணிக்கு ஒருமுறை
பாதுகாவலனைத் திரும்பக் கூப்பிடு.
“ஆள் போய்விட்டான். சாவி அவனிடமே இருந்தது” என்றாள்.
அந்த வரியை அழித்தாள். காத்திருந்தோம்.
அரை மணி கழிந்தது.
அதற்கு மேலும் ஏழு நிமிஷம், அவளுக்கு நம்பிக்கையில்லை.
ஐம்பது ரேண்ட் வாங்கிக்கொண்டாள்.
“இனி இலவசத்துக்குப் போகாதே.”
ஆறு மணிக்கு எல்லாமே அணைந்தது.
பெட்டிகளின் பித்தளைக் கைப்பிடிகள் மட்டும்
கொஞ்ச நேரம் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை மகன் சான்றிதழ் வாங்க வந்தார்.
கையெழுத்திட்டார்.
பேனாவைத் திருப்பித் தராமல்
என் பக்கம் இருந்த திரையை எட்டிப் பார்த்தார்.
“அது இப்போது வருவதில்லையா?”
இல்லை, நிறுத்தியாயிற்று.
“நல்லது” என்றார். போகவில்லை.

பதினாறாம் நாள் அட்டையில்
பின்பக்கம் இடமிருக்கிறதா என்றார்.
இருக்கிறது. என்ன போட?
கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.
நான்கு, பதினொன்று, பதினேழு,
இருபத்து மூன்று, முப்பது,
கடைசி எண்ணுக்குக் கொஞ்சம் தயங்கி,
நாற்பத்திரண்டு.

அடித்தேன்.
எதுவும் குறுக்கே வரவில்லை.