நடுப்படி

இன்று பதினெட்டாம் நாள்.
தண்டர் பேயில் மைனஸ் இருபத்தாறு.
பிரிப்பகத்து வாசலில், எண்ணெய்ப் பீப்பாய்க்குள்
உடைந்த பலகைகளை எரிக்கிறோம்.
முகத்துக்குக் கொஞ்சம் சூடு கிடைக்கிறது.
முதுகு இன்னும் ஒப்பந்தத்தில் சேரவில்லை.

ஏரிக்கு அப்பால் மல்லாந்து கிடக்கும் மலைக்கு
உறங்கும் அரக்கன் என்று பெயர்.
இந்த ஊரில் அவனுக்கு மட்டும்
நிரந்தர வேலை என்கிறாள் ஐலா கொஸ்கெலா.
சிரிக்கிறோம். சிரித்தால் உதடு வெடிக்கிறது.

ஐலா ஆறு வருடமாகத் தற்காலிகம்.
தலையணைக்கடியில் போனை வைத்துத் தூங்குகிறவள்.
காலை ஐந்தரைக்கு அது அடித்தால்
அன்றைக்கு அவளுக்குத் தெரு உண்டு.
அடிக்காவிட்டால் ஊரே இல்லை.
நாற்பத்தொரு நாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்,
அவள் பெயரில் ஒரு தடமும் கிடையாது.

கிளிஃபர்ட் நாட்டுப்புறத் தடத்துக்காரர்.
சொந்தக் கார், சொந்த டயர்.
இடது காலால் மிதித்து, இடது கையால் திருப்பி,
வலது சன்னல் வழியே பெட்டிக்குக் கை நீட்டி
பத்தொன்பது வருடத்தில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டார்.
இப்போது நிற்பதும் அப்படித்தான்,
பக்கத்து இருக்கையில் இருந்து
யாரையோ ஓட்டுகிறாற்போல.

எனக்கு நிரந்தரம் உண்டு. சொல்லிவிடுகிறேன்.
நிர்வாகத்தின் கடைசிக் கடிதம் இனிப்பாகத்தான் இருந்தது:
உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் குறையாது,
இனி வருகிறவர்களுக்கு மட்டும்
வேறு சம்பளம், வேறு ஓய்வூதியம்.
ராத்திரி அதை இரண்டு முறை படித்தேன்.
இரண்டாவது முறை
கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.
அந்த நிம்மதிக்காகத்தான்
மறுநாள் விடியுமுன்னே வந்து நின்றேன்.

ஒரு பிக்கப் வண்டி மெதுவாகிறது. கண்ணாடி இறங்குகிறது.
"என் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை
உள்ளே செத்துக் கிடக்கிறது,
சோம்பேறிகளா!"
கண்ணாடி ஏறுகிறது.

ஐலா வண்டி போன திசையையே பார்க்கிறாள்.
"வைலி தெரு, இருநூற்றுப் பதினெட்டு.
மூன்று படி.
நடுப்படி ஆடும்."
கோபமாகச் சொல்லவில்லை.
முகவரி சொல்வதுபோல் சொன்னாள்.

ஒன்பது மணிக்குச் சங்கத்து மார்லீன்
பட்டியலோடு வந்தாள்.
முதியோர் உதவித்தொகைக் காசோலைகளை மட்டும்
போட்டுவிடுவதாகப் பேச்சு.
கூலி கிடையாது. விருப்பமுள்ளவர்கள் வரலாம்.
கை தூக்கினால் குளிர் அக்குளுக்குள் நுழையும்,
ஆனாலும் தூக்கினோம்.
கிளிஃபர்டின் கையும் சாய்வாக உயர்ந்தது.

தங்கள் முதுமைக்காகத் தெருவில் நிற்கிறவர்கள்
அடுத்தவர் முதுமையைச் சுமக்க உள்ளே போனோம்.
பதினெட்டு நாளாய் யாரும் விளக்கை அணைக்கவில்லை.
பெல்ட் நின்றிருந்தது.
இத்தனை வருடத்தில்
அந்தக் கூடத்தில் என் காலடிச் சத்தத்தை
அன்றுதான் கேட்டேன்.
அந்த மௌனத்தை நாங்கள் செய்திருந்தோம்,
எங்கள் கைகளால், ஒன்றும் செய்யாமல்.

சன்னல் வைத்த பழுப்புக் கவர்கள்.
என் பங்குக்கு அறுபத்து மூன்று.
வைலி தெருவை ஐலா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மாலையில் பீப்பாயைச் சுற்றி மறுபடி கூடினோம்.
"என்ன சொன்னார் உன் இருநூற்றுப் பதினெட்டு?"
"ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தார்,
கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்,
மூடிவிட்டார்."
"படி?"
"ஆடுகிறது."

பலகை தீர்ந்துகொண்டிருக்கிறது.
பேச்சுவார்த்தை திங்கட்கிழமை என்கிறார்கள்,
போன திங்களும் அப்படித்தான் சொன்னார்கள்.
ஐலா கையுறையைக் கழற்றி
போனில் எத்தனை சார்ஜ் இருக்கிறதென்று பார்க்கிறாள்.
நாளைக் காலை அது அடிக்காது, அவளுக்கும் தெரியும்.
"பழக்கம்" என்கிறாள்.
கொஞ்சம் கழித்து, நெருப்பைப் பார்த்தபடி,
"ஐந்தரைக்கு நானே முழித்துக்கொள்கிறேன் இப்போதெல்லாம்.
யாரும் கூப்பிடாமல்."