ஆடுகிற குவளை

என்காட்டா பே சந்தையில்
எல்லோருடைய குவளையும் அப்படித்தான்.
தகரக் குவளையைக் கவிழ்த்து
அடியில் கல்லால் ஒரு தட்டு.
உள்ளே எழும்பும் சின்னதாய் ஒரு குன்று.
அதன்மேல் மீனைக் குவித்தால்
கோபுரம் கோபுரம்தான்.
அஸ்திவாரத்தை யார் கண்டார்?

என்னுடையதைத் தட்டித் தந்தவர்
என் கணவரின் அண்ணன் லோங்வே.
"குவளைக்கு ஒரு பிடி உசிப்பா மிச்சம்.
பன்னிரண்டு விற்றால்
பதின்மூன்றாவது உனக்கு."
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பதின்மூன்றாவதில்
மகளுக்கு வெள்ளைக் காலுறை வாங்கினேன்,
விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கினேன்,
சொல்லவே கூசுகிறது,
காணிக்கைப் பையிலும் போட்டேன்.
பொய் என்று ஒரு சொல்
என் வாயிலிருந்து வந்ததில்லை.
குவளை சொன்னது.
நான் பக்கத்தில் உட்கார்ந்து
ஞானப்பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் திருவிருந்து ஆராதனை.
ரசம் ஊற்றும் முறை என்னுடையது.
நூற்று நாற்பது கண்ணாடிக் கிண்ணங்கள்,
பாட்டிலிலோ பாதிக்கும் கீழே.
மூப்பர் ம்பாண்டே சபைமுன் எழுந்தார்.
"இன்று அரைக் கிண்ணம்தான்.
வாங்கப் பணம் போதவில்லை."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.
அரை என்று சொல்லிக் கொடுத்த அரை
குறையாகத் தெரியவில்லை யாருக்கும்.
தட்டை ஏந்தி வரிசை வரிசையாய் நடந்தேன்.
நான் கோபுரமாய்க் குவித்து விற்றதெல்லாம்
மீன்முள்ளாய் வந்து
தொண்டையில் நின்றது.
என் கிண்ணத்தை நான் குடிக்கவில்லை.

திங்கள் விடியுமுன்
சுத்தியலின் பிடியால்
உள்ளிருந்து தட்டினேன்.
குன்று அமிழ்ந்தது.
ஆனால் தகரத்துக்கு ஞாபகம் அதிகம்.
பழைய மட்டத்தில் நிற்காமல்
வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டது.
பலகையில் வைத்தால் ஆடியது,
முதன்முதலாய் நிற்கிற குழந்தைபோல்.

சந்தையே சிரித்தது.
"எனெலெசி புதுசாய் ஏதோ
தந்திரம் கண்டுபிடித்திருக்கிறாள்!"
மினிபஸ் பையன்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.
ஏமாற்றிய நாளெல்லாம் நேராய் நின்றது
நேரான அன்றைக்குத் தள்ளாடியது.

பழைய பாக்கி வேறு.
யாருக்கு எத்தனை பிடி?
எட்டு வருஷக் கணக்கை
எந்த ஏட்டில் போய்த் தேட?
முகம் நினைவிருந்தவர்களுக்கு
ஒரு பிடி கூடப் போட்டேன்,
காரணத்தையும் சொல்லி.
மீன் கனக்கவில்லை.
காரணம் கனத்தது.

சிலர் திட்டினார்கள். அது சுலபமாக இருந்தது.
நியாமோனே திட்டவில்லை.
ஆஸ்பத்திரிச் சமையலறைக்காரி,
நின்று முழுக்கக் கேட்டாள்.
"தெரியும்" என்றாள்.
"என்ன தெரியும்?"
"எல்லார் குவளையிலும் விரல்விட்டுப் பார்த்தாயிற்று.
உன் குன்றுதான் சின்னது.
அதனால்தான் உன்னிடம் வந்தேன்."
கூடப் போட்ட பிடியையும்
சித்தெங்கே முனையில் முடிந்துகொண்டு
நடந்துவிட்டாள்.

அன்றிரவு ஏரி தூங்கவே இல்லை, நானும்.
சின்னக் குன்று.
ஊர் எனக்கென்று வைத்திருந்த
நல்ல பெயர் அவ்வளவுதான்.
எல்லோருக்கும் படியளக்கிறவரே,
நீர் விரல்விட்டுப் பார்க்கும்போது
இன்னும் எத்தனை தட்டுப்படும்?

லாபம் கூடியதா என்று கேட்காதீர்கள்.
கூடவில்லை.
மகளின் காலுறை கிழிந்து இரண்டு மாதம்.
லோங்வே எங்கள் வாசலை
சைக்கிளில் வேகமாய்க் கடக்கிறார்.

அடுத்த திருவிருந்தில்
கிண்ணத்தை எடுத்தேன்.
கை நடுங்கியது, குடித்தேன்.

குவளை இன்றும் ஆடுகிறது.
வேறு வாங்கலாம், நூறு குவாச்சாதான்.
வாங்கவில்லை.
வலது கை மீனை அள்ளும்போது
இடது கை அதைப்
பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது,
ஒவ்வொரு முறையும்.